ஏற்றி விட்டவன்

ஹெலிகாப்டர் ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பி மேலே போனது. இப்போது ஒன்பது ஐம்பது. சத்தம் மலைக்குப் பின்னால் போய் ஏழெட்டு நிமிஷம் ஆகிவிட்டது, ஆனாலும் காதுக்குள் அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, மாவு மில்லை நிறுத்தின பிறகும் தெருவுக்கே கேட்கிற மாதிரி. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற மரக்கட்டையைக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். தார்த்தரை இப்போதே சூடு ஏறுகிறது. எங்கள் ஹெலிகாப்டர் பிரிவில் ஒரு வழக்கம், எந்தப் புத்தகத்திலும் எழுதாதது: ஏற்றி விட்டவன்தான் இறக்க வேண்டும். காலையில் சோதித்து, கையெழுத்துப் போட்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி அனுப்பினவன், அது திரும்பி வருகிறவரை இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. ஒன்றுக்குப் போவதென்றாலும் கொட்டகைக்குப் பின்னால்தான். பதினோரு இருபதுக்கு வர வேண்டும். அதுவரைக்கும் எனக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது, இருக்கிற வேலை சட்டைப் பையில் நாலாக மடித்து இருக்கிறது. விமானப்படையில் எதற்கும் ஒரு காகிதம். இஷ்டம் என்றால் வில்லிங், இல்லை என்றால் அன்வில்லிங், சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கீழே சார்ஜெண்ட் காளிராஜன் என்று போட வேண்டும். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள். வில்லிங் என்று எழுதினால் ஆறு மாசம் படிப்பு, பிறகு ஃபிளைட் இன்ஜினியர். ரெண்டு பைலட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு பறக்க வேண்டும், மார்பில் ஒற்றைச் சிறகு குத்துவார்கள். அன்வில்லிங் என்றால் இதே தரை, இதே ஸ்பேனர், அடுத்த வருஷம் ஜூனியர் வாரண்ட் ஆபீசர், ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. தை பிறந்தால் எனக்கு வயசு தாண்டிவிடும், பிறகு கேட்க மாட்டார்கள். அன்வில்லிங் எழுதுகிறவன் காரணமும் எழுத வேண்டும், அதற்குத் தனிக் கட்டம். எல்லோரும் எழுதுகிற காரணம் ஒன்றுதான், குடும்பச் சூழ்நிலை. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன்கூட அதைத்தான் எழுதுவான்.

மாரீஸ்வரியிடம் நேற்று போனில் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதா, அவள் வாயைக் கிண்டினேன் என்று சொல்வதா. சாத்தூரில் மழை என்றாள், பிள்ளைக்கு ஜலதோஷம் என்றாள், நான் சுற்றிச் சுற்றி இதற்கே வந்தேன். மலைக்காற்று எப்படி இழுக்கும் என்று சொன்னேன், பள்ளத்தாக்கு எவ்வளவு குறுகல் என்று சொன்னேன், போன வருஷம் பக்கத்துத் தளத்தில் என்ன நடந்தது என்றுகூட லேசாகச் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னாள்: “ஏங்க, என்னய வேண்டாம்னு சொல்ல வைக்கிறதுக்குத்தான இவ்வளவு சொல்றீங்க? நான் சொல்ல மாட்டேன். போறதுன்னாலும் உங்க இஷ்டம், இருக்கறதுன்னாலும் உங்க இஷ்டம். நாளைக்கு ரிட்டயராகி வந்து, உன்னாலதாண்டி நான் கீழயே கெடந்தேன்னு என் தலையில போட்றாதீங்க.” பதினாலு வருஷத்தில் பாதி வருஷம்கூட ஒரே வீட்டில் இருந்ததில்லை, இவளுக்கு எப்படி என் உள்ளுக்குள் இருக்கிறது தெரிகிறது என்று தெரியவில்லை. போனை வைத்த பிறகு அறையில் நான் மட்டும். ஜன்னலுக்கு வெளியே மலை. இந்த ஊர் மலைக்கு ராத்திரி பகல் கிடையாது, எப்போது பார்த்தாலும் நம்மையே பார்க்கிற மாதிரி நிற்கும். எங்கள் பக்கத்தில் மலை என்றால் கரடு, ஆடு மேயும், ஏறினால் மறுபக்கம் தெரியும். இங்கே ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, முடியவே முடியாது. அதற்குள்தான் ஜெபசிங் அண்ணாச்சி இப்போது போயிருக்கிறார்.

ஜெபசிங் அண்ணாச்சிக்கு நாகர்கோவில் பக்கம். எங்கள் பிரிவின் ஃபிளைட் இன்ஜினியர், இருபத்தாறு வருஷம் சர்வீஸ், மார்ச்சில் ரிட்டயராகிப் போகிறார். அவர் இடத்துக்குத்தான் இந்தக் காகிதம். என் பேரை எழுதிக் கொடுத்ததே அவர்தான். இந்தத் தளத்தில் தமிழ் பேச எங்கள் ரெண்டு பேரை விட்டால் ஆள் கிடையாது. அவர் பேசுகிறதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுகிறது மதுரைக்காரன் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறதாம் அவருக்கு. காலையில் ஏறும்போது கேட்டார்: “எழுதியாச்சா மக்கா?” “இல்ல அண்ணாச்சி.” “கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்பிடித்தான் இருந்தியாடே? அந்தப் பிள்ளை எப்பிடித்தான் உன்னக் கட்டிச்சோ.” சிரித்துக்கொண்டே மூட்டைகளைக் கட்டப் போனார். மேலே முகட்டில் இருக்கிற காவல் சாவடிக்கு அரிசி, மண்ணெண்ணெய், கடிதம். வரும்போது லீவுக்காரர்கள் பதினோரு பேர் இறங்க வேண்டும், மூன்று வாரமாகக் காத்திருக்கிறார்கள். மத்தியானம் ஆனால் மேகம் மூடிவிடும். அதனால் இன்றைக்கு அவசரம். மற்ற நாளில் நான் பார்த்த பிறகு அவரும் ஒருதரம் மேலே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். இன்றைக்கு மூட்டைக்குள் நின்றுகொண்டே கத்தினார், “மேல பாத்தியாலே?” நான், “பாத்துட்டேன் அண்ணாச்சி” என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் ஐந்து பேர் போயிருக்கிறார்கள்.

பார்த்தேன், பார்க்காமல் எங்கே. பெட்டியில் கருவிகளையும் மூன்று தரம் எண்ணினேன். என்னை இங்கே மூன்று தரம் என்றே கூப்பிடுகிறார்கள், இந்தியில். அக்டோபருக்கு முன்னால் நான் ஒருதரம்தான் எண்ணுவேன். அந்த அக்டோபர். கருவிப் பெட்டியில் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்துக்கே குழி வெட்டியிருக்கும், ஒன்றை எடுத்தால் அந்தக் குழியில் நம் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் போட வேண்டும், என்னுடையது பதினாலு. வேலை முடிந்து எல்லாக் குழியும் நிறைந்திருந்தால்தான் கையெழுத்து. அன்றைக்கு எல்லாக் குழியும் நிறைந்துதான் இருந்தது. ஒரு குழியில் மட்டும் நிறைந்திருந்தது என் வில்லை. கண் என்ன செய்யும், காலியாக இருக்கிற இடத்தைத்தான் தேடுகிறது, பித்தளை மினுங்கினால் நிறைவு என்று தாண்டிப் போய்விடுகிறது. கையெழுத்துப் போட்டேன், விரலைக் காட்டினேன், மேலே போனது. பிறகு பெட்டியை மூட வந்தபோது பார்க்கிறேன், பதினாலு. கம்பி நுனியில் ஒட்டின சின்னக் கண்ணாடி, பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி, கண்ணுக்கு எட்டாத இடுக்கைப் பார்க்கிறதற்கு, அதைக் காணோம். இன்ஜினுக்குள் விட்டுவிட்டேனோ. உடனே ஓடிப் போய் டவருக்கு போன் பண்ணித் திரும்பக் கூப்பிட வேண்டும், அதுதான் சட்டம், அதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் ஓடவில்லை. பையைத் துழாவினேன். புல்லில் தேடினேன். கொட்டகைக்குள் போய்த் தேடினேன். கூப்பிட்டால் என் பேருக்கு நேரே சிவப்பு மசி விழும், பதினேழு வருஷம் சுத்தமாக வைத்த ஏடு. இங்கேதான் இருக்கும், இங்கேதான் இருக்கும் என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. ஏணியின் மேல்படியில் இருந்தது. சின்னக் கண்ணாடி, வானத்தைப் பார்த்துக்கொண்டு. ஒன்பது நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும். ஒன்றும் ஆகவில்லை, அண்ணாச்சி மத்தியானம் வந்தார், ரெண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம், அவர் வீட்டிலிருந்து வந்த நார்த்தங்காய் ஊறுகாயை எனக்கும் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. மாரியிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குள் ஒருத்தன் இருக்கிறான், ஒன்பது நிமிஷம் புல்லில் தேடுகிறவன். அவனை மேலே கூட்டிக்கொண்டு போய் ரெண்டு பைலட்டுக்கு நடுவில் எப்படி உட்கார வைப்பது. சரி, அன்வில்லிங் என்று எழுதுகிறேன் என்றால், அவன் இருந்தது கீழேதானே. இந்தத் தரையில்தானே தேடினான். மேலே போனாலாவது தன் உயிரும் கூட இருக்கிறதே என்று சட்டென்று வாயைத் திறப்பான். கீழே இருக்கிறவனுக்கு என்ன, மற்றவன் உயிர். இப்படித்தான் ஒரு மாசமாக. ஒரு பக்கம் போனால் மறுபக்கம் இழுக்கிறது.

மணி ஒன்பது ஐம்பத்தேழு. வெயில் சட்டைக்குள் இறங்குகிறது. காலையில் என்ன செய்தேன். ஆறரைக்கு வந்தேன், மேல்தட்டில் ஏறினேன், இறக்கையைச் சுற்றுகிற பெரிய கியர்பெட்டியில் எண்ணெய் அரை லிட்டர் குறைந்திருந்தது, ஊற்றினேன், துணியால் துடைத்தேன், மூடியை வைத்தேன், திருகினேன், மேலே கொண்டியை அமுக்கினேன், டிக் என்று கேட்டது, மேல் கதவைச் சாத்தினேன். டிக் என்று கேட்டதா. கேட்டது. இன்றைக்குக் கேட்டதா. கை அமுக்குகிறது தெரிகிறது, கட்டை விரலின் கீழே கொண்டியின் குளிர்ச்சி தெரிகிறது, ஆனால் அந்தக் கையில் கையுறை இல்லை. இன்றைக்குப் பனி, நான் கையுறை போட்டிருந்தேன். அப்படியென்றால் அது நேற்றைய கை. நேற்று எண்ணெய் ஊற்றவில்லையே. முந்தாநாள். முந்தாநாள் கை. இன்றைய கை எங்கே. துணியால் துடைத்தேன், அப்போது கீழே யாரோ கூப்பிட்டார்கள், டேங்கர் வந்துவிட்டது என்று கூட வேலை பார்க்கிற யாதவ் கூப்பிட்டான், நான் திரும்பிக் கையைக் காட்டினேன், பிறகு. பிறகு மேல் கதவைச் சாத்தினேன். நடுவில் என்ன. பதினேழு வருஷமாக ஒரே மூடியை மூடிக்கொண்டிருந்தால் எது எந்த நாளின் மூடி என்று யார் சொல்வது. எல்லா டிக்கும் ஒரே டிக். கொண்டி விழவில்லை என்றால் அதிர்வில் மூடி கழலும், எண்ணெய் வாரி இறைக்கும், முள் இறங்கும், இறங்க ஆரம்பித்தால் பத்து நிமிஷத்துக்குள் எங்கேயாவது உட்கார வேண்டும், அந்தப் பள்ளத்தாக்கில் உட்கார இடம் கிடையாது. மூடியிருப்பேன். மூடாமல் எப்படி இருப்பேன். இங்கேதான் இருக்கும், இங்கேதான் இருக்கும். அந்தச் சொல் வாயில் வந்ததும் எழுந்துவிட்டேன். கால் தானாகக் கொட்டகைக்கு ஓடுகிறது, போன் கையில் இருக்கிறது. “டவர், நான் சார்ஜெண்ட் காளிராஜன். மிஷினைத் திரும்பக் கூப்பிடுங்க சார். கியர்பெட்டி எண்ணெய் மூடி பூட்டினேனான்னு சந்தேகம்.” அந்தப் பக்கம் இளம் ஆபீசர், இந்தியில் கேட்கிறார், “நிச்சயமா பூட்டலையா?” “நிச்சயம் இல்ல சார். அதனாலதான் கூப்பிடச் சொல்றேன்.” போனை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பத்தெட்டு.

வரும்வரைக்கும் இருபது நிமிஷம். அதை எப்படிச் சொல்வது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கை நழுவினால், திரும்பக் கிடைக்கிறவரை நாம் நிற்கிற இடம் நமக்கே தெரியாதே, அப்படி. சத்தம் கேட்டது, புள்ளி தெரிந்தது, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன், இறக்கினேன். சுற்றுகிறது நிற்கிறதற்குள் அண்ணாச்சி இறங்கி வந்தார், முகத்தில் வேர்வை, சிரிப்பு இல்லை. “என்னத்தடே ஆச்சு?” நான் மேலே கையைக் காட்டினேன். ரெண்டு பேருமே ஏறினோம். தகடு கொதிக்கிறது. மேல் கதவைத் திறந்தார். மூடி திருகியிருந்தது. கொண்டி விழுந்திருந்தது. சுற்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, என் துணி துடைத்த தடம்கூட அப்படியே இருக்கிறது. கீழே யாதவ் யாரிடமோ சொல்லிச் சிரிப்பது கேட்டது, சாருக்கு மேலே போகப் பயம், அதனால் மிஷினையே கீழே வரச் சொல்லிவிட்டார் என்று. அண்ணாச்சி விரலால் கொண்டியைத் தூக்கித் திரும்ப அமுக்கினார். டிக். “பூட்டித்தான் கெடக்கு. ஒண்ணுமில்ல மக்கா. சந்தேகம் வந்தாக் கூப்பிட வேண்டியதுதான், அதுல ஒரு குத்தமும் இல்ல. முகட்டுல அந்தப் பதினோரு பேரும் உன் ஏழு தலைமுறையத் திட்டுவானுவ, அவ்வளவுதான்.” என் தோளில் தட்டினார். அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அது என் தோளுக்குச் சேர்ந்தது இல்லை என்று பட்டது. “அண்ணாச்சி, அக்டோபர்ல ஒரு நாளு,” என்று ஆரம்பித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன், பித்தளை வில்லை, கண்ணாடி, புல், ஏணி. அவர் கொண்டியையே பார்த்துக்கொண்டு கேட்டார். “எத்தன நிமிசம்?” “ஒம்பது.” “நான் மேல இருந்தேனா?” “இருந்தீங்க.” உதடு அசைந்தது, எதையோ கணக்குப் போட்டார். “ஒம்பது நிமிசம்னா ஆத்தத் தாண்டி, அந்த ஒடுக்கத்துக்குள்ள நொழஞ்சிருப்போம்.” என் பக்கம் திரும்பினார். “இன்னைக்கு?” “ஒரு நிமிசங்கூட ஆகல அண்ணாச்சி.” தலையை ஆட்டினார், சரி என்கிற ஆட்டமா, கேட்டுக்கொண்டேன் என்கிற ஆட்டமா, தெரியவில்லை. மேல் கதவைத் தானே சாத்தினார். இறங்கும்போது சொன்னார், “ஃபியூல் ஊத்தச் சொல்லுங்க சார்ஜெண்ட். மேகத்துக்கு முன்னாடி போயிரணும்.” மூன்று வருஷத்தில் முதல்தரம் அந்த வாயிலிருந்து சார்ஜெண்ட் என்று கேட்கிறேன். ‘ங்க’ வேறு.

பத்து ஐம்பதுக்குத் திரும்ப ஏற்றி விட்டேன். விரலைக் காட்டினேன், கண்ணாடிக்குள் அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பதினொன்றே முக்கால். கட்டைமேல் அதே இடம். முகட்டுப் பக்கம் வெள்ளை இறங்க ஆரம்பித்துவிட்டது, பால் பொங்கி வழிகிற மாதிரி நுனியிலிருந்து கீழே வருகிறது. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் இந்நேரம் அவர்கள் வந்து இறங்கிச் சாப்பிடக் கிளம்பியிருப்பார்கள். பதினோரு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடியிருப்பார்கள். நான் கூப்பிட்டதால்தான் இப்போது மேகத்துக்குள் போயிருக்கிறார்கள். பூட்டியிருந்த மூடிக்காக. அன்றைக்குக் கூப்பிடாதது தப்பு, ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்குக் கூப்பிட்டது சரி, ஏதாவது ஆனால். இதை யாரிடம் சொல்ல. சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வெள்ளைக்குள் இருக்கிறார், அவருக்கும் இனிமேல் நான் சார்ஜெண்ட். மாரிக்கு போன் பண்ணலாம், அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு பரிமாறிக்கொண்டிருப்பாள், “என்னங்க இந்நேரத்துல” என்று பயப்படுவாள். தனியாக இருப்பது புதிது இல்லை, பதினெட்டு வயசிலிருந்து இரும்புக் கட்டில்தான். ஆனாலும் ஒரு ஆள் நம்மை மக்கா என்று கூப்பிடுகிறவரைக்கும் தனிமை என்று தெரியாது, தமாஷாகவே போய்விடுகிறது. நார்த்தங்காய் ஊறுகாய் இனி வருமோ என்னமோ. இந்த நேரத்தில் புத்தி ஊறுகாய்க்குப் போகிறது பார்.

பாத்ரா சைக்கிளில் வருகிறான். அலுவலகத்து கிளார்க், ஒடிசாக்காரன், காகிதத்தைக் கையில் வாங்காமல் சாப்பிடப் போக மாட்டான். “சார், பன்னிரண்டு.” மடிப்பைப் பிரித்தேன். ரெண்டு இடம் காலி. பேனாவை வாங்கினேன். மேலே போனால் நான் நன்றாகவே இருப்பேன், அது இன்று காலை தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்குள் வாயைத் திறக்கிறவன்தான் இப்போது இருக்கிறான். இனிமேல் எழுதலாம், தடையில்லை. அப்படி நினைத்ததும்தான் மற்றது தோன்றியது. மேலே நான் உட்கார்ந்தால் இந்தக் கட்டையில் யார் உட்காருவார்கள். யாதவ் நல்லவன், கை சுத்தம், அவனும் ஒருதரம்தான் எண்ணுகிறான். அவனுக்கு இன்னும் அவன் அக்டோபர் வரவில்லை. வருகிற அன்றைக்கு ஓடுவானா, புல்லில் தேடுவானா, யாருக்குத் தெரியும். நான் எங்கே ஓடுவேன் என்று எனக்குத் தெரியும். அன்வில்லிங் என்று எழுதினேன், என் கையெழுத்து எப்போதும் போலக் கோணலாக. பாத்ரா பெருமூச்சு விட்டான், “எனக்குத் தெரியும் சார்” என்றான். எல்லோரும் இனி இப்படித்தான் சொல்வார்கள். பயந்துவிட்டான் என்பார்கள், காலையில் மிஷினைக் கூப்பிட்டதே அதற்குச் சாட்சி. காரணக் கட்டத்தில் பேனாவை வைத்தேன். “குடும்பச் சூழ்நிலைன்னு போடுங்க, எல்லாரும் அதான் போடுறாங்க.” போட முடியாது, மாரியின் தலையில் போடாதே என்று அவள் சொல்லிவிட்டாள். காலியாக விட்டால் வாங்க மாட்டான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன், கீழே ஆள் வேண்டும் என்று. பாத்ரா எழுத்துக் கூட்டிப் படித்தான், என்னைப் பார்த்தான், திரும்பப் படித்தான். “இப்படி யாரும் எழுதினதில்லை சார்.” “எழுதிட்டேன்ப்பா. கொண்டு போ.” சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனான், அடிப்பதற்கு எதிரே ஒரு ஆள்கூட இல்லை.

பன்னிரண்டரை. பன்னிரண்டே முக்கால். முகடு தெரியவில்லை, அதற்குக் கீழே இருக்கிற மலையும் தெரியவில்லை. கொட்டகை போன் அடிக்கவில்லை, அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். காது மட்டும்தான் இருக்கிறது, உடம்பு முழுக்கக் காதாக உட்கார்ந்திருக்கிறேன். லாரிச் சத்தம், அது இல்லை. யாரோ தகரத்தை இழுக்கிறார்கள், அது இல்லை. ஒன்று ஐந்துக்கு நெஞ்சில் தட்டியது, காதுக்கு முன்னால் நெஞ்சில்தான் அது வரும், பிறகு வெள்ளைக்கு அடியில், நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லாமல் ரொம்பத் தள்ளி ஆற்றுப் பக்கமாக, தாழப் பறந்து வந்தது. ஓடிப் போய் நின்று கையைத் தூக்கினேன். உட்கார்ந்தது. பதினோரு பேர் குனிந்து ஓடினார்கள், ஒருத்தனும் என்னைப் பார்க்கவில்லை, திட்டவும் இல்லை, அவர்கள் முகமெல்லாம் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டது. கடைசியாக அண்ணாச்சி. ஏட்டை வாங்கி இன்ஜின் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதிக்கொண்டே கேட்டார், “என்ன எழுதுனீங்க?” “அன்வில்லிங்.” பேனா ஒரு நொடி நின்றது. ஏன் என்று கேட்பார், சொல்லலாம் என்று வாயைத் திறந்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஏட்டை என்னிடம் நீட்டினார். “நாளைக்கு ஏழு மணிக்கு ஒரு டிரிப் இருக்கு. நீங்கதான் ஏத்தி விடணும்னு சொல்லிட்டேன்.” “சரி அண்ணாச்சி.” ரெண்டு அடி நடந்தவர் திரும்பாமலே சொன்னார்: “நீங்க மேல பாத்துட்டு இறங்குனதுக்கு அப்பறம், நானும் ஒருக்க ஏறிப் பாப்பேன். இனி அவசரம்னாலும் பாப்பேன்.” “பாருங்க அண்ணாச்சி,” என்றேன். சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் தனியாகப் போனார். நான் ஏணியை இழுத்து வைத்து மேலே ஏறினேன்.